அக்கா பங்குக்கு ஒன்பது மணி சீரியல்

"உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்டீ."

"கேளுக்கா."

"இப்ப இல்ல. கேக்குறப்ப கேப்பேன். அன்னிக்கு முடியாதுன்னு மட்டும் சொல்லிடாத."

இந்தப் பேச்சு நடந்தபோது, என்னோடு வேலை பார்க்கும் அக்காவின் கீழுதட்டில் தையல் போட்டிருந்தது. குளியலறையில் வழுக்கி விழுந்ததாகச் சூப்பர்வைசரிடம் சொல்லியிருந்தாள். என்னிடம் அந்தப் பொய்யைச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. அவள் புருஷனைப் பற்றி எனக்குத் தெரியாதா என்ன? ஒருமுறை நானே வற்புறுத்தி அவளை என் வீட்டுக்கு அழைத்துப் போனேன். என் வீட்டுக்காரர் கட்டிலை விட்டுக்கொடுத்துவிட்டுத் தரையில் படுத்தார். வாரம் முடிவதற்குள், "அவன் சாப்பிட்டானோ என்னமோ" என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அவளாக வாயைத் திறந்து கேட்டு வந்தால்தான் தங்குவாள் என்று அன்று புரிந்தது. அதற்குள் அவன் அவளைக் கொன்றுவிடக் கூடாதே என்பதுதான் என் பயமெல்லாம்.

எங்களுக்குக் கோழி வெட்டும் கம்பெனியில் வேலை. தலைக்கு மேலே ஓடும் சங்கிலியில் கோழிகள் தலைகீழாகத் தொங்கியபடி வரும். அக்கா இறக்கையை வெட்டுவாள், நான் தொடையை வெட்டுவேன். எதிர்ப்பக்கம் தோலை உரிப்பவளுக்குப் பெயரே 'பாட்டு' என்று ஆகிவிட்டது. டிவியில் எந்தப் பாட்டுப் போட்டி வந்தாலும் விடமாட்டாள்.

சமையல், துணி, பிள்ளைகள் என்று ஓடுகிற வீட்டில் யாரால் எல்லா நிகழ்ச்சியையும் பார்க்க முடியும்? அதனால் மூன்று பேரும் பங்கு பிரித்துக்கொண்டோம். எட்டு மணி குடும்ப சீரியல் எனக்கு. பாட்டுப் போட்டி பாட்டுக்கு. ஒன்பது மணி கொலை சீரியல் அக்காவுக்கு. பார்த்தவள் மறுநாள் இயந்திரச் சத்தத்தை மீறிக் கத்திக் கதை சொல்ல வேண்டும். ஒருத்தி பங்கை இன்னொருத்தி பார்க்கக் கூடாது.

அக்காவின் தையல் பிரித்துச் சில வாரம் கழிந்த ஒரு நாள், நான்தான் ஆரம்பித்தேன். மாமியார் பாலில் விஷம் கலந்துவிட்டாள் என்றேன்.

"அந்தக் கிழவியை இன்னுமா வெச்சிருக்காங்க?" என்றாள் அக்கா.

"டைரக்டருக்குக் கொல்ல மனசு வரலக்கா."

"என்கிட்ட அனுப்பச் சொல்லு. மூட்டுல கத்திய வெச்சு ஒரே இழுப்பு." இறக்கை கழன்று தொட்டியில் விழுந்தது.

"நேத்து நீலச் சட்டை பாடினப்ப நடுவரே அழுதுட்டாரு," என்றாள் பாட்டு.

"வலி தாங்காம அழுதிருப்பாரு. சரி, என் கதைக்கு வாங்க. அவன் பொண்டாட்டி தலைமுடியைப் பிடிச்சு மண்டைய சுவத்துல இடிக்கிறான். காதுக்குள்ள விசில் அடிக்கும் பாரு, வேற எதுவும் கேக்காது. வாயெல்லாம் இரும்பு ருசி. அப்பத்தான் நம்ம இன்ஸ்பெக்டரம்மா கதவை உதைக்கிறா. தாழ்ப்பாள் பிஞ்சு அவன் மூஞ்சியில! கீழ தள்ளி, முட்டியால கழுத்தை அழுத்தி..."

பாட்டு தயங்கினாள். "அக்கா, திட்டாதீங்க. நாத்தனார் வீட்டுல அந்த சீரியல் ஓடிச்சு, கண்ணுல பட்டுடுச்சு. இன்ஸ்பெக்டரம்மா போன வாரமே லாரியில அடிபட்டுச் செத்துட்டாளே?"

அக்காவின் கத்தி நின்றது. இரண்டு இறக்கையும் வெட்டப்படாமலே கோழிகள் என்னைத் தாண்டிப் போயின.

"டிவி இல்லடீ," என்றாள். "அவன் சத்தத்தை ஏத்தினா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியும். நான் கத்துறது பக்கத்து வீட்டுக்குக் கேக்கக் கூடாது. அன்னிக்கு என்ன தோணுச்சோ, நானே போய்க் குறைச்சேன். டிவியத் தூக்கி என் மேலயே போட்டுட்டான்."

கையுறைக்கு மேலே சட்டைக் கையை ஏற்றிக் காட்டினாள். முழங்கையிலிருந்து தோள் வரை கறுத்துக் கன்றிப் போயிருந்தது.

"அப்ப, இத்தனை நாளா சொன்ன கதை?"

"என் பங்கை நான் சொல்ல வேண்டாமா? எல்லாம் நானா இட்டுக்கட்டினது." கத்தியை மறுபடி பிடித்துக்கொண்டாள். "நல்ல வேளை, அவ செத்தது எனக்குத் தெரியாமப் போச்சு."

இறக்கையோடு போன கோழிகளுக்காகச் சூப்பர்வைசர் எங்கள் மூவரையும் நிறுத்திவைத்துத் திட்டினார். வெளியே வரும்போது வழக்கத்தைவிடத் தாமதம். வெயில் இன்னும் இறங்கவில்லை. கேட்டருகே அக்கா புருஷன் நின்றிருந்தான்.

"எவன்கூடடீ பேசிட்டு வர?"

பதில் சொல்ல அவளுக்கு நேரமே கிடைக்கவில்லை. முடியைக் கொத்தாகப் பிடித்து அவள் முகத்தை இரும்பு கேட்டில் மோதினான். ஒருமுறை. இன்னொரு முறை. கேட் மணி போல அதிர்ந்தது. கத்தியை வெளியே எடுத்துவர எங்களுக்கு அனுமதி இல்லை. இருந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேனோ. கையிலிருந்த எவர்சில்வர் சாப்பாட்டுக் கேரியரைச் சுழற்றி அவன் காதில் அடித்தேன். திரும்பி என் மூக்கில் குத்தினான். கண் முன்னால் எல்லாம் வெள்ளையாகிப் போனது. பாட்டு அவன் முதுகில் தொற்றிக்கொண்டு கழுத்தைக் கடித்தாள். அவன் அவளை உதறி எறிந்துவிட்டு அக்காவின் வயிற்றில் உதைத்தான். அதற்குள் லோடு ஏற்றுகிற ஆட்கள் ஓடிவந்து அவனைத் தரையில் குப்புறத் தள்ளினார்கள். ஒருவர் முட்டியால் அவன் கழுத்தை அழுத்தினார். காவலாளி போலீசுக்குப் போன் செய்தார்.

"வீட்டுக்குத்தானேடீ வரணும்!" மண்ணில் வாயை வைத்துக்கொண்டே கத்தினான். "வா! உனக்கு இருக்கு!"

அக்கா கேட்டில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உள்ளங்கையில் ஒரு பல். அவனை, அவன் கழுத்தின் மேலிருந்த முட்டியை, வெகுநேரம் பார்த்தாள். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு அவள் பக்கத்தில் போய் விழுந்தேன்.

"உங்க வீட்டுல டிவி சத்தம் எவ்வளவு வெப்பீங்க?" என்றாள்.

"கம்மிதான்க்கா. அவருக்குச் சத்தம் ஆகாது."

ரத்தத்தைத் துப்பிவிட்டு என் கையைப் பிடித்தாள்.

"அப்ப, கேக்கவா? என்னை உன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போடீ. அவன் சாப்பிட்டானோன்னு நான் கிளம்பினாலும் விடாத. கதவைப் பூட்டிடு."