கல்லுக்குள் ஒரு குடும்பம்

ஒரே பாறையில் சிறிதும் பெரிதுமாக ஐந்து டிரைலோபைட்டுகள், யுகயுகமாய்க் கல்லாய்க் கிடந்த கடல்பூச்சிகள். அருங்காட்சியகத்தில் கல் சுரண்டும் வேலைக்காரி, ஊசியால் சுரண்டிச் சுரண்டி அவற்றை வெளியே கொண்டுவந்திருந்தாள். அப்பா, அம்மா, மூன்று பிள்ளைகள் என்று அவளே முடிவுகட்டி, ஒன்றாகச் செத்த குடும்பத்துக்காக மூக்கையும் சிந்தியிருந்தாள்.

ஆய்வாளர் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"எதுவும் சாகலம்மா. இதெல்லாம் உரிச்சுப் போட்ட ஓடு. வளர வளரக் கழட்டிடும்."

"அஞ்சு பேருமா கழட்டினாங்க?"

"அஞ்சோ ஒண்ணோ, யாரு கண்டா? ஒரே பூச்சியோட அஞ்சு சட்டையாக்கூட இருக்கலாம்."

அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அப்படியென்றால் அழுத கண்ணீரை எந்தக் கணக்கில் சேர்ப்பது? எரிச்சலோடு ஊசியைக் கீழே வைத்தாள்.

"சட்டையெல்லாம் இங்க இருக்கு, சரி. போட்டிருந்தவன் எங்க சார்?"