சனிக்கிழமை வரை மட்டும்

ஸ்வோலே ஊர்க்காரர்கள் சொந்த அக்கா வீட்டுக்குக் காபி குடிக்கப் போவதென்றாலும் மூன்று வாரம் முன்னாலேயே டைரியில் குறித்து வைப்பார்கள். டைரியில் ஏறாத காரியம் அவர்களுக்குக் காரியமே இல்லை. ஹில்கேவுக்கு இது தெரியாததா? அந்த ஊரில் பிறந்தவள்தானே. தெரிந்தும் கோட்டை விட்டாள்.

குழந்தைகளுக்கு மழைக்கோட்டு தைத்து விற்பது அவள் தொழில். கணவன் வீபே வண்டி ஓட்டுவான், ஆணி அடிப்பான். எந்த ஊரில் கடை காலியாகக் கிடக்கிறதோ அங்கே நாலு வாரத்துக்கு மட்டும் வாடகை பேசி, பழைய ஆரஞ்சு வண்டியில் அலமாரிகளைக் கொண்டுபோய் இறக்குவார்கள். பாப்-அப் கடை என்று அதற்குப் பெயர். வாசலில் வீபே கைப்பட எழுதிய பலகை தொங்கும்: ‘சனிக்கிழமை வரை மட்டும்’. க்ரோனிங்கன் ஆகட்டும், டெவென்டர் ஆகட்டும், கடைசி வாரத்தில் கூட்டம் அலைமோதும்.

ஆனால் ஒவ்வொரு முறை கடையைப் பிரிக்கும்போதும் வீபே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். பாரம் தூக்கவே கூடாது என்றுவிட்டார் டாக்டர். அந்த நேரம் பார்த்து ஸ்வோலேயில் பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு கடை நிரந்தர வாடகைக்கு வந்தது.

“போதும்பா இந்த நாடோடிப் பொழப்பு. ஒரே எடத்துல உக்காருவோம். நீ கல்லாவுல இருந்தா போதும்.”

“உக்காந்துட்டா ஒருத்தரும் வரமாட்டாங்க ஹில்கே. நாம போயிடுவோம்னுதான் ஓடி வர்றாங்க.”

“உளறாத. கோட்டு நல்லா இருக்கு, வர்றாங்க.”

“எங்கம்மா சமையலும்தான் நல்லா இருந்துச்சு. நான் எத்தன தடவ போனேன்?”

அவள் கேட்கவில்லை. அவன் உயிரைவிடவா வியாபாரம் பெரிது? வண்டியை விற்று, கடைக்கு மரத்தரை போட்டார்கள். பலகையை மட்டும் தூக்கிப்போட மனமில்லாமல் வீபே பின்னறையில் சாய்த்து வைத்தான்.

திறப்பு விழாவுக்குக் கடை கொள்ளாத கூட்டம். தேதி போட்டு அழைத்ததாயிற்றே! மறுநாளிலிருந்து ஈ காக்கை இல்லை. சைக்கிளில் போகிறவர்கள் கண்ணாடி வழியாகக் கையசைப்பார்கள். “அழகா இருக்கு கடை! ஒரு நாள் வரணும்!”

“கை ஆட்டுறதுக்கு டிக்கெட் போட்டுடலாம்” என்பான் வீபே. வெயில் அடித்த நாளெல்லாம் ஒன்று கேட்பான். “சாத்திட்டு ஆத்தோரம் ஒரு நடை போயிட்டு வருவோமா?”

“இங்கதான இருக்கப் போறோம். கடை ஒரு நெலைக்கு வரட்டும், அப்புறம் போலாம்.”

கடை திறந்த ஏழாம் மாதம், கல்லா நாற்காலியிலேயே அவன் உயிர் போயிற்று. அடக்கம் வியாழக்கிழமை பதினொரு மணிக்கு. ஊரே வந்து நின்றது.

அப்புறம் ஒரு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள். அவனுக்காக எடுத்த கடை. இதையும் மூடிவிட்டால், அவனுக்காகத்தான் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளக்கூட ஒன்றும் மிஞ்சாது. ஆனாலும் முடியவில்லை. கட்டடச் சொந்தக்காரர் வாடகைக்கு வேறு ஆள் பார்த்துவிட்டார், திங்கட்கிழமை சாவி கொடுக்க வேண்டும்.

அந்த வாரம் பலகையைத் துடைத்து வாசலில் மாட்டினாள். புதன்கிழமை வரிசை பாலம் வரை போயிற்று. சனிக்கிழமை மதியம் அலமாரியில் ஐந்தாறு கோட்டுகள்தான் மிச்சம். ‘நீ சொன்னதுதான் சரி வீபே’ என்று சொல்ல வாய் துடித்தது. சொல்லித் தொலைக்க அவன் இல்லையே, பாவி!

குழந்தையோடு ஒரு பெண் கல்லாவுக்கு வந்தாள். “ஐயோ, ஏங்க மூடுறீங்க? எனக்கு இந்தக் கடைன்னா உசுரு!”

“இதுக்கு முன்னாடி உள்ள வந்திருக்கீங்களா?”

“இல்லீங்க, இன்னிக்குதான். ஆனா தினமும் இந்தப் பக்கமாத்தான் வேலைக்குப் போவேன். வெளக்கு எரியும். சரி, இங்கதான இருக்கப் போறாங்க, அப்புறம் வந்துக்கலாம்னு போயிடுவேன்.”

சுருக்கென்று கோபம் வந்தது ஹில்கேவுக்கு. எதையோ சொல்ல வாயெடுத்தவள் நாற்காலியைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். இவளை என்னவென்று திட்டுவது?

பெண் பையிலிருந்து டைரியை எடுத்து விரித்தாள். “அடுத்து எந்த ஊருல போடுறீங்க? தேதி சொல்லுங்க, குறிச்சுக்கிறேன்.”

“தேதி ஒண்ணும் இல்லீங்க” என்றாள் ஹில்கே. குழந்தையின் கோட்டை மடித்துப் பையில் வைத்தாள். வரிசையில் நின்ற அத்தனை பேரும் பார்க்க, அந்த நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள்.