முதல் சுளை

கதவைத் தூக்கியாயிற்று, இனி ஆண்டவர் விட்ட வழி, சங்கிலியைக் கொக்கியில் மாட்டிவிட்டேன், மன்னாரு வெளியே வருவானா, வந்தால் ஜாக்கி அவனை உயிரோடு விடுவானா, இரண்டையும் கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நின்று வேடிக்கை பார்ப்பதுதான் இன்றைக்கு என் வேலை, பதினோரு வருஷம் சிம்பன்சிக் கூண்டில் கீப்பராக இருந்தவனுக்கு இதைவிடப் பெரிய தண்டனை வேறென்ன இருக்கிறது... 'நீங்க எதுவும் பண்ணக்கூடாது எட்வின், அதுங்க அடிச்சிக்கிட்டாலும் சரி, நான் சொல்றவரைக்கும் சத்தம்கூடப் போடக்கூடாது' என்று ரம்யா டாக்டர் வந்ததும் வராததுமாகச் சொல்லிவிட்டார். அவர் மயக்க ஊசித் துப்பாக்கியோடு என் பக்கத்தில் நிற்கிறார், அந்த மூலையில் கலையரசன் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான், நான் வேகவைத்த மரவள்ளிக்கிழங்கு பக்கெட்டோடு நிற்கிறேன், மூன்று பேரில் ஒன்றுக்கும் உதவாத ஆயுதம் என்னுடையதுதான். எங்கள் பூங்கா மலையடிவாரத்தில் இருப்பதால் ஆனி மாதத்திலும் காலையில் குளிர்ச்சியாக இருக்கும் என்பார்கள், எங்கே, கல்வராயன் மலை மேல் மேகம் அப்படியே உட்கார்ந்திருக்கிறது, ஏழரை மணிக்கே சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அது புழுக்கமா பயமா என்று யார் கண்டது.

மன்னாரு தனி அறைக்குப் போய் இன்றோடு முப்பத்தொரு நாள். இங்கே மொத்தமே நாலு பேர், மன்னாரு, ஜாக்கி, ஜாக்கியைப் பெற்ற லில்லி, அவளுடைய கடைக்குட்டி மின்னி. பதிவேட்டில் இரண்டு பிள்ளைகளுக்கும் அப்பா பெயர் மன்னாரு என்றுதான் எழுதியிருக்கிறது, ஆனால் அது நமக்குத்தான், அதுகளுக்கு அம்மாவைத் தெரியும், கூடப் பிறந்ததைத் தெரியும், அப்பன் என்று ஓர் உறவே கிடையாது, பெரியவன் என்று ஒருத்தன் உண்டு, அவ்வளவுதான்... நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஜாக்கிக்கு மூன்று வயது, மன்னாருவின் வயிற்றின் மேல் மல்லாந்து கிடந்து அவன் வாயிலிருந்து பிடுங்கித் தின்பான், அந்தக் கை இவனுக்கு எத்தனை தடவை கிச்சுக்கிச்சு மூட்டியிருக்கும், அந்தக் கையில்தான் இப்போது மூன்று விரல் மிச்சம். போன தீபாவளி முடிந்த வாரம் ஜாக்கி பிளாஸ்டிக் டிரம்மைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு மன்னாருவைச் சுற்றிச் சுற்றி ஓடினான், மன்னாரு எழுந்து நின்றான், உடம்பு முடியெல்லாம் சிலிர்த்து நின்றது, அப்போது லில்லி மட்டும் பழையபடி மன்னாருவின் பக்கம் போய் நின்றிருந்தால்... நிற்கவில்லை, தினமும் மணிக்கணக்காக அவனுக்குப் பேன் பார்த்தவள் எழுந்து போய் மகன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள், அதோடு மன்னாருவின் பெரியதனம் தீர்ந்தது. அவளைக் குறை சொல்ல முடியுமா, பெற்றவள், எந்தத் தாய்தான் பிள்ளையை விட்டுக்கொடுப்பாள்.

டாக்டர் அன்றைக்கே எழுதிச் சுவரில் ஒட்டினார், முதலில் ஜாக்கி, அப்புறம் லில்லி, மின்னி, கடைசியில் மன்னாரு, யார் பெரியவனோ அவனுக்குத்தான் முதல் தீனி, மாற்றிக் கொடுத்தால் வெட்டுக்குத்துதான். நானும் தலையை ஆட்டினேன், அவர் இருக்கும்போது ஒழுங்காகத்தான் கொடுத்தேன், ஆனால் காலை ஏழு மணிக்கு டாக்டர் ஏது... முதல் துண்டை எடுத்தால் கை தானாக மன்னாருவின் பக்கம் போகும், பழக்க தோஷம் என்று நினைத்துக்கொண்டேன், பாவம் வயசானவன் என்றும் நினைத்துக்கொண்டேன், அதே நேரத்தில் இடது கையால் ஜாக்கிக்கும் ஒரு துண்டை நீட்டி அவனை ஏமாற்றிவிடுவேன், ஏழு மாதம் போல அப்படியே ஓடியது. வைகாசி முதல் வாரத்தில் கலையரசன் மலையிலிருக்கும் தன் ஊர்த் தோட்டத்துப் பலாவில் முதல் பழத்தைச் சாக்கில் கட்டி எடுத்து வந்தான், அறுத்ததும் வாசனை கூண்டு முழுக்க ஏறி நாலும் வலையில் வந்து தொங்குகின்றன, நான் நல்ல பெரிய சுளையாகப் பார்த்து எடுத்து... மன்னாருவிடம்தான் நீட்டினேன், இடது கையில் கத்தி இருந்தது, பிசின் அப்பியிருந்தது, ஜாக்கிக்கு நீட்ட இன்னொரு கை இல்லை. ஒரே ஒரு சுளை. ஜாக்கி முதலில் என்னைத்தான் பார்த்தான், அதை மறக்க முடியவில்லை, அப்புறம்தான் மன்னாருவின் மேல் பாய்ந்தான், தொடை கிழிந்தது, வலது கையில் இரண்டு விரல் போயிற்று.

'அன்னிக்கு ஏதாவது வித்தியாசமா நடந்துச்சா?' என்று டாக்டர் மன்னாருவின் தொடையில் தையல் போட்டுக்கொண்டே கேட்டார், நான் சொன்னேன், 'இல்லீங்க மேடம், வரிசைப்படிதான் குடுத்தேன்.' வரிசையைப் பற்றி அவர் கேட்கவே இல்லை, எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதையாக நானே போய்த் தலையை நீட்டினேன், அவர் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார், தெரிந்திருக்குமோ... கலையரசனுக்குத் தெரியும், பழத்தைப் பிடித்துக்கொண்டிருந்ததே அவன்தான், 'வுடுண்ணா, நடந்தது நடந்துபோச்சி, நீ இன்னா பண்ணுவ' என்று சொன்னவன் அதோடு பலாப்பழப் பேச்சையே எடுப்பதில்லை. இந்த முப்பத்தொரு நாளில் மன்னாரு தன் கை முடியைத் தானே பிடுங்கிப் பிடுங்கி முழங்கை வரைக்கும் மொட்டையாக்கிவிட்டான். தனியாக விட்டால் இதுகள் அப்படித்தான், வேளைக்கு வேளை தீனி வைத்தாலும், தொட ஓர் ஆள் இல்லாமல் செத்துப்போகும். இன்றைக்கு ஜாக்கி சேர்த்துக்கொள்ளாவிட்டால் சாகிறவரைக்கும் அந்த அறைதான் என்று மேலே முடிவு செய்துவிட்டார்களாம், டாக்டர் நேற்று இதைச் சொன்னபோதே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும், திறந்தால் வேலை போகும், ஒப்பந்தத்தில் இருப்பவனை அனுப்ப ஒரு கடுதாசிகூட வேண்டியதில்லை.

வேலை போனால் வீட்டில் யாரும் பெரிதாகக் கவலைப்பட மாட்டார்கள் என்பதுதான் வேடிக்கை. சங்கராபுரத்தில் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தால் அம்மா கறிக்குழம்புச் சட்டியோடு வருவார், முதலில் அப்பாவுக்கு, அடுத்து அண்ணன் ஜோஸ்வாவுக்கு, அவன் கவர்மெண்ட் பள்ளிக்கூட வாத்தியார், அப்புறம் அவன் பிள்ளைகளுக்கு, என் தட்டுக்கு வரும்போது கரண்டி சட்டியின் அடியில் உரசும்... 'இன்னாடா, ஒன் ஆபிசரு எப்டிக்கிறாரு, கட்டு பிரிச்சிட்டாங்களா?' என்பான் அண்ணன், மன்னாருவைத்தான் அப்படிச் சொல்வான், எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன், திரும்பி வரும்போது வண்டியில் பின்னால் உட்கார்ந்துகொண்டு என் வீட்டுக்காரி பிரின்சி, 'நீ இன்னாத்துக்குக் கூட சேந்து சிரிச்சிக்கினு ஒக்காந்திருந்த?' என்பாள். தங்கச்சி அனிட்டாவுக்கு மணலூர்பேட்டை மாப்பிள்ளையைப் பேசி முடித்துத் தேதியும் குறித்த பிறகு அம்மா எனக்குப் போன் பண்ணினார், 'ஒங்கிட்ட சொல்லக்கூடாதுன்னு இல்லடா, நீதான் எப்பப் பாரு கொரங்குங்களோட கெடக்குறியே.' கோபம் வந்ததா? வரவில்லை, அதுதான் என் சீக்கு, மறுநாள் காலையில் வண்டிச் சத்தம் கேட்டதுமே மன்னாரு வலையில் ஏறி நின்று ஹூ ஹூ என்று ஊரைக் கூட்டினான், எனக்கு எல்லாம் மறந்துபோயிற்று.

வருகிறான்... மன்னாரு வருகிறான், ஊன்ற முடியாத வலது கையை மார்போடு அணைத்துக்கொண்டு நொண்டி நொண்டி வருகிறான். மின்னிக்கு என்ன தெரியும், கத்திக்கொண்டு அவனிடம் ஓடினாள், லில்லி எட்டி அவள் காலைப் பிடித்து இழுத்து மடியில் அமுக்கிக்கொண்டாள். ஜாக்கி மர மேடையில் உட்கார்ந்து வேறெங்கோ பார்ப்பதுபோல் இருக்கிறான், தோள் முடி மட்டும் மெல்ல எழும்புகிறது. 'இப்ப பணியணும்' என்கிறார் டாக்டர், எனக்குச் சொல்கிறாரா தனக்கே சொல்லிக்கொள்கிறாரா, 'ஒரே ஒரு தடவை பணிஞ்சிட்டா போதும், ஏத்துக்குவான்.' அதற்கு ஒரு முறை இருக்கிறது, உடம்பைத் தரையோடு தாழ்த்தி, உஹ் உஹ் என்று விட்டுவிட்டு முனகி, வெறுங்கையைப் பெரியவன் முன்னால் நீட்ட வேண்டும், அவன் அதைத் தொட்டுவிட்டால் சமாதானம். மன்னாருவிடம் எல்லாரும் அப்படி நீட்டியிருக்கிறார்கள், அவன் யாரிடமும் நீட்டி நான் பார்த்ததில்லை, தோற்ற பிறகும் இந்த ஏழு மாதத்தில் ஒருநாள் குனியவில்லை, கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை என்று நானும் கலையரசனும் சிரித்திருக்கிறோம், கிழவனுக்கு ரோஷம் ஜாஸ்தி என்று நான் கொஞ்சம் பெருமைகூடப் பட்டிருக்கிறேன். குனிந்துவிடடா, ஒரு நிமிஷம்தான், உன் மகன்தானே, மாதாவே, அவன் கழுத்தைக் கொஞ்சம் வளைத்துவிடும் தாயே...

நீட்டிவிட்டான். கையை நீட்டிவிட்டான், ஆனால் ஜாக்கியிடம் இல்லை, என்னிடம். நேராக என் பக்கம் வந்து, தீனி கொடுக்கும் சந்து வழியாக அந்த மூன்று விரல் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறான், கிழங்கைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்க்கிறான். ஜாக்கி மேடையிலிருந்து குதித்துவிட்டான், முடி முழுக்கச் சிலிர்த்து இரண்டு மடங்காகத் தெரிகிறான், முன்னும் பின்னும் ஆடுகிறான். 'குடுக்காதீங்க,' டாக்டர் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டே சொல்கிறார், 'ஜாக்கிக்கு, எட்வின், மொதல்ல ஜாக்கிக்கு... இவன் ஏன் உங்ககிட்ட வர்றான்?' ஏன் வருகிறான் என்று எனக்குத்தானே தெரியும். ரோஷமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை, தான் தோற்றுப்போனது அவனுக்குத் தெரியவே தெரியாது, ஜாக்கி மிரட்டினால் என்ன, லில்லி எழுந்து போனால் என்ன, காலையில் முதல் துண்டு அவன் கைக்குத்தானே வந்தது, பின்னே அவன் எதற்குக் குனிய வேண்டும்? ஏழு மாதமாக அவனைக் குனியவிடாமல் பிடித்துவைத்திருந்தவன் நான். 'மேடம், அன்னிக்கு மொத சுளைய நாந்தான்...' என்று ஆரம்பித்தேன், எப்படி வாய் திறந்தது என்று தெரியவில்லை, அவர் என் பக்கம் திரும்பாமலே 'ஷ்... அப்பறம் சொல்லுங்க' என்றார். ஒரு மாதமாகத் தொண்டையில் கிடந்தது, வெளியே வந்தபோது கேட்க ஆள் இல்லை.

ஜாக்கிக்குக் கொடுத்தேன், மன்னாருவின் கைக்கு மேலாகவே, அவன் பார்க்கப் பார்க்க. ஜாக்கி வெடுக்கென்று வாங்கிக்கொண்டு பின்னால் போனான், அப்புறம் லில்லிக்கு, மின்னிக்கு, அந்தக் கை அப்படியே நீட்டியபடி இருக்கிறது, விரல் போன இடத்தில் தோல் புதிதாக வளர்ந்து பளபளக்கிறது, கடைசித் துண்டை அதில் வைத்தேன். மன்னாரு கிழங்கைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், தின்னாமல் கீழே வைத்துவிட்டான். 'இன்னாண்ணா, அழுவுறியா?' என்று கலையரசன் கேட்டது எங்கேயோ கேட்டது. மன்னாரு திரும்பிவிட்டான், ஜாக்கியைப் பார்த்துப் போகிறான், உடம்பு தாழ்கிறது, வலி தாங்காமல் தாழ்கிறதா, பணிந்துதான் தாழ்கிறதா, டாக்டர் மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிறார், ஜாக்கியின் ஆட்டம் நின்றுவிட்டது, இன்னும் பத்தடி... இதற்குத்தானே மாதாவைக் கூப்பிட்டேன், சந்தோஷப்பட வேண்டியதுதானே, ஆனால் அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஒரு தடவை, ஒரே ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்க்க மாட்டானா என்று இருக்கிறது. திரும்பினால் செத்தான், அது தெரிந்தும்... பாவம் என்று கொடுத்தேனாம், பழக்க தோஷமாம், யாரிடம் கதை விடுகிறேன், இந்த உலகத்தில் என் கையைப் பார்த்துக் காத்திருந்தது அவன் ஒருத்தன்தான், அதை விட மனசில்லாமல் கொடுத்தேன். மன்னாரு முனகுகிறான், ஜாக்கி மெதுவாகக் கையைத் தூக்குகிறான், தொடுவதற்கா அடிப்பதற்கா தெரியவில்லை, 'யாரும் அசையாதீங்க' என்கிறார் டாக்டர், நான் அசையவில்லை, ஆனால் பக்கெட்டின் கைப்பிடி கிணுகிணுவென்கிறது, தினமும் மன்னாருவைக் கூப்பிட நான் ஆட்டுவேனே, அதே ஆட்டல், நிறுத்து, நிறுத்தடா என்கிறேன், கை கேட்கவில்லை.