எருக் குவியலில் இறங்கிய ட்ரோன்

மல்லசமுத்திரத்துக்கு மேற்கே சென்னியப்பனின் மரவள்ளிக் காட்டில் அன்று காலை பத்துப் பேர் கூடியிருந்தார்கள். மருந்தடிக்கும் ட்ரோனைப் பார்க்க வந்தவர்கள் என்று பெயர். சுகன்யா எப்போது தடுமாறுவாள் என்று பார்க்க வந்தவர்கள் என்பதுதான் நிஜம். ட்ரோன் விவசாயிகள் குழுவுடையது. இந்த இரண்டு ஏக்கரை அவள் ஒழுங்காக அடித்து முடித்தால் இனி அது அவள் பொறுப்பு. இல்லையென்றால் குழுத் தலைவர் சென்னியப்பனின் அண்ணன் மகன் ஜெகதீஸ்வரனுக்குப் போய்விடும். சுகன்யா பத்து நாள் பயிற்சி எடுத்து லைசென்ஸ் வாங்கியவள். ஜெகதீஸ்வரன் செல்போனில் வீடியோ பார்த்தே பைலட் ஆனவன்.

"பொம்பளப் புள்ளைக்கு இதெல்லாம் எதுக்குங்க சித்தப்பா?" என்றான் அவன். அவள் காதில் விழட்டும் என்றுதான் சொன்னான்.

சுகன்யா ஆறு மோட்டாரையும் கையால் சுற்றிப் பார்த்துவிட்டு ஏற்றினாள். மாவுப்பூச்சி பிடித்துச் சுருண்ட கொழுந்துகள் மேல் மருந்து பனி மாதிரி இறங்கியது. முதல் ஏக்கர் ஒரு குறையில்லாமல் முடிந்தது. வாயைப் பிளந்தவர்களை அவள் கண்டுகொள்ளவில்லை. ட்ரோனை இறக்கி, பேட்டரி மாற்றி, தள்ளிப் போய் மருந்து கலக்கிக்கொண்டு வந்து, மறுபடி ஏற்றினாள்.

இரண்டாவது ஏக்கரின் பாதியில் சத்தம் மாறியது. ரிமோட் கீச்சிட்டது. ஒரு மோட்டார் நின்றுபோய், ட்ரோன் சாய்ந்து, தன்னைத்தானே சுற்றிக்கொண்டு கீழே நழுவியது.

"திரும்பி வர்ற பட்டனை அமுக்கு!" என்று கத்தினான் ஜெகதீஸ்வரன்.

அமுக்கினால் அது புறப்பட்ட இடத்துக்கு நேர்கோட்டில் வரும். அந்தக் கோட்டில், நடுவே நீட்டிக்கொண்டிருந்த பக்கத்துக் கடலைக் காட்டில், நான்கு பெண்கள் களை வெட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி சுகன்யாவைப் பெற்ற பெருமாயி. எதிர்ப்பக்கம் எட்டாயிரம் முட்டைக் கோழிகளோடு சென்னியப்பனின் பண்ணை. இரண்டுக்கும் நடுவில் அள்ளிக் கொட்டிய கோழி எரு ஆள் உயரத்துக்குக் கிடந்தது.

சுகன்யா பட்டனைத் தொடவில்லை. மிச்சமிருந்த ஐந்து மோட்டாரோடு மல்லுக்கட்டி, ட்ரோனை எருப் பக்கம் தள்ளிக்கொண்டு போனாள். அது தொப்பென்று போய்ப் புதைந்தது.

கொல்லென்று ஒரு சிரிப்பு எழுந்தது. ஜெகதீஸ்வரன் கையை நீட்டினான். "ரிமோட்டைக் குடு. நான் பாத்துக்கறேன்."

"குடுக்க மாட்டேன்."

முழங்கால் வரை எருவில் இறங்கினாள். நாற்றம் கண்ணைக் கரித்தது. ஓர் இறக்கை மட்டும் உடைந்திருந்தது. அந்த மோட்டாரின் கழுத்தில் என்னவோ இறுகச் சுற்றியிருந்தது. பிடுங்கித் தூக்கிக் காட்டினாள். கண்ணேறுக்குக் கட்டும் கறுப்புக் கயிறு.

"இதைக் கட்டுனது ஆருங்க?"

சென்னியப்பன் தொண்டையைச் செருமினார். "நாந்தான் சாமி. நீ மருந்து கலக்கப் போனப்ப மோட்டாருக்குக் கீழ கட்டுனேன், அவுந்து சுத்திக்கிச்சாட்ட இருக்குது. முதல் ஏக்கரை அத்தனை நல்லா அடிச்சயா, எல்லாருங் கண்ணு வெச்சுட்டாங்க. பொம்பளப் புள்ள வேற ஓட்டுது, ஏதும் ஆயிரப்படாதேன்னு..."

அவளுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. "ரெண்டாந்தடவை ஏத்தறதுக்கு முன்னால திரும்பப் பாக்காதது என்னோட தப்புங்க. ஒத்துக்கறேன். எனக்குத் தெரியாம கட்டுனது உங்க தப்பு. நீங்களும் ஒத்துக்கோங்க."

அவரிடம் இப்படிப் பேசியவர்கள் அந்தக் காட்டில் கிடையாது. அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

ட்ரோனைக் கழுவித் துடைத்தாள். மாற்று இறக்கை பூட்டினாள். மருந்தில்லாமல் இடுப்பு உயரத்தில் ஐந்து நிமிடம் நிறுத்திப் பார்த்தாள். ஆறு மோட்டாரும் ஒரே சுருதியில் ஓடின. "அரை ஏக்கர் பாக்கி இருக்குது. அடிச்சுட்டுத்தான் போவேன்."

"இருந்தாலும் இந்தத் தடவை நான்..." ஜெகதீஸ்வரனின் கை மறுபடி ரிமோட்டுக்கு வந்தது.

சுகன்யா கறுப்புக் கயிற்றைச் சென்னியப்பனின் உள்ளங்கையில் வைத்தாள். "கட்டியே ஆகோணும்னா உங்க அண்ணன் மகன் கையில கட்டுங்க. அதுதான் கண்டதுக்கும் நீளுது."

கடலைக் காட்டிலிருந்து முதலில் சிரித்தது பெருமாயி. சென்னியப்பன் கயிற்றைப் பார்த்தார், நீண்டிருந்த கையைப் பார்த்தார்.

"தள்ளி நில்லுடா" என்றார். "புள்ள ஏத்தட்டும்."