வெள்ளச்சிக்கு வெச்ச எலும்புச் சாறு

தடிகளோடு ஆட்கள் வாசலில் வந்து நின்றபோது அமிர்தவள்ளி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். சட்டியில் ஆட்டுக்கால் எலும்பு கொதித்தது. உப்பில்லை, மிளகாயில்லை, ஒரு வெங்காயத் துண்டுகூட இல்லை. பக்கத்தில் நாய் வெள்ளச்சி வாயில் நுரை ஒழுகக் கிடந்தது.

"நவுரு அமிர்தம். வெறி புடிச்ச நாய். அடிச்சிப் போட்டாத்தான் தெருவுக்கு நிம்மதி" என்றார் தோல் பதனிடும் ஷாப்பு மேஸ்திரி பஞ்சாட்சரம்.

அவர் பின்னால், தானும் ஒரு தடியோடு, அவள் புருஷன் வேலாயுதம். பார்த்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தோலில் சுரண்டிய ஜவ்வை முந்தாநாள் மடியில் கட்டிவந்து நாய்க்குப் போட்டவனே அவன்தான். சுண்ணாம்புக் குழியில் ஊறிய ஜவ்வு. தண்ணீரில் அலசினால் சரியாகிவிடும் என்று நினைத்த மகா புத்திசாலி! வாய் வெந்துபோய்த்தான் நாய்க்கு நுரை தள்ளுகிறது. சொன்னால், ஷாப்புச் சரக்கைத் தூக்கினாய் என்று வேலை போய்விடும். அதனால் வாயில் கொழுக்கட்டையோடு நிற்கிறான். அவளே சொல்லிவிடலாம், பிள்ளைகளின் கஞ்சி தடுத்தது.

"வெறிநாய் தண்ணியக் கண்டா மிரளும்னு நீங்கதானே சொல்லுவீங்க? இது குடிக்குதான்னு பாத்துட்டு அடிங்க."

"சரி, ஊத்து சீக்கிரம்."

"ஆறாம ஊத்த மாட்டேன். நில்லுங்க."

மிதந்த கொழுப்பை வழித்தெறிந்தாள். எலும்புச் சில்லு ஒன்றும் தங்காமல் துணியில் வடிகட்டினாள். விரலை விட்டுப் பார்த்தாள். இன்னும் சூடு. யார் அவசரப்பட்டால் அவளுக்கென்ன?

ஆறியபின் தட்டை வைத்தாள். வெள்ளச்சி முகர்ந்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"பாத்தியா!" மேஸ்திரி தடியை ஓங்கினார்.

அமிர்தவள்ளி நாயின்மேல் கவிழ்ந்தாள். "மொதல்ல என் முதுவுல போடுங்கய்யா!"

"மேஸ்திரி..." வேலாயுதம் குறுக்கே வந்தான். "வெறி இல்ல அது. குழி ஜவ்வ நாந்தான் எடுத்தாந்து போட்டேன்."

தடி அந்தரத்தில் நின்றது.

"ஷாப்பு ஜவ்வயா? நாளையிலேர்ந்து அந்தப் பக்கம் உன் தலை தெரியக் கூடாது."

"தெரியாது."

வேலாயுதம் கையிலிருந்த தடியைக் கீழே போட்டுவிட்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவள் நிமிர்ந்து மேஸ்திரியைப் பார்த்தாள், கண்ணை எடுக்காமல். வேலாயுதம் உள்ளங்கையில் சாற்றை அள்ளி நாயின் வாயருகே நீட்டினான். வெள்ளச்சி அந்தக் கையை வெகுநேரம் முகர்ந்தது. பிறகு, புண்ணான நாக்கை மெல்ல வெளியே நீட்டியது.