உள்ளே காட்டன்

சுகிர்தா தண்ணீரில் இறங்க இன்னும் இரண்டு மணி நேரம் நாற்பது நிமிடம் இருந்தபோது நான் வீட்டுக்குப் பின்னால் கொடியில் இருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீட்டில் இரண்டு கொடிகள். ஒன்று அம்மாவுடையது. அதில் காய்வதெல்லாம் காட்டன். அம்மாவுக்குத் தாயில்பட்டியில் ஒரு பட்டாசு கம்பெனியில் வெடிமருந்து செலுத்துகிற வேலை. பாலியஸ்டர் உரசினால் பொறி வரும் என்பதால் வாசலிலேயே போர்மேன் சேலைத் தலைப்பைத் தொட்டுப் பார்த்துத்தான் உள்ளே விடுவார். இன்னொரு கொடி என்னுடையது. என் பாலியஸ்டர் சுடிதார்களைத் தன் துணியோடு சேர்த்துப் போட அம்மா விட்டதில்லை.

இரண்டு நாளாக வானம் மூடிக் கிடந்தது. என் சுடிதார்கள் காய்ந்திருந்தன. அம்மாவின் சேலை காயவில்லை. உள்ளே போடலாம் என்று அதைத் தோளில் போட்டேன். கழுத்திலிருந்து முதுகுவரை சில்லென்று இறங்கியது. எடுத்த பிறகும் அந்தக் குளிர் போகவில்லை. காற்று பட்டதும் இன்னும் கூடியது.

அப்போதுதான் சுகிர்தாவுக்கு நான் சொன்ன யோசனை நினைவுக்கு வந்தது.

சென்னையில் இருக்கும் ஒரு கடைக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். ஸ்கூபா டைவிங் போகிறவர்களுக்கு உடை விற்கிற கடை. எந்தக் குளிருக்கு எந்த உடை என்று வாடிக்கையாளர்கள் இணையத்தில் கேட்பார்கள். நான் தட்டச்சு செய்து பதில் சொல்வேன். பேச வேண்டியதில்லை என்பதால்தான் இந்த வேலைக்கு விண்ணப்பித்தேன். வேதியியல் படித்தவள் என்பதால் எடுத்துக்கொண்டார்கள். அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லும் விதம் வேறு: "தண்ணி லாரிக்குக் குடத்தோட நிக்கிற ஊர்ல உக்காந்துகிட்டு, தண்ணிக்குள்ள போறவுகளுக்குச் சட்டை விக்கிறா."

பெரும்பாலும் கேட்டதைத் தெரிந்துகொண்டு போய்விடுவார்கள். சுகிர்தா போகவில்லை. என் பெயரைப் பார்த்துவிட்டு எந்த ஊர் என்று கேட்டாள். தாயில்பட்டி என்றேன். "அய்யோ அக்கா, எங்கப்பா கம்பெனி அங்கனதான!" என்று எழுதினாள். சிவகாசிக்காரி. ஸ்காட்லாந்தில் படிக்கிறாள். பொங்கலுக்கு வந்திருந்தாள். என்னைவிட ஒரு வயது மூத்தவள். ஆனாலும் அக்கா என்றாள். நான் திருத்தவில்லை.

ஆறு டிகிரி ஏரிக்கு எது சரி என்று கேட்டாள். அதை நன்றாகவே சொன்னேன். வெட் சூட்டுக்குள் தண்ணீர் வரும். உடம்புச் சூட்டில் அந்தத் தண்ணீர் கொஞ்சம் வெதுவெதுப்பாகும். ஏழு மில்லிமீட்டர் தடிமன் இருந்தாலும் ஆறு டிகிரிக்கு அது போதாது. ட்ரை சூட்டில் கழுத்திலும் மணிக்கட்டிலும் ரப்பர் பட்டை இருப்பதால் தண்ணீர் உள்ளே வராது. ஆனால் ட்ரை சூட் தானாகச் சூடு தராது. உள்ளே போடும் துணியில் தங்கும் காற்றுதான் சூடு.

"உள்ளுக்குள்ள தோலோட ஒட்டி எதப் போடணும்? நீங்க எதப் போட்டு எறங்குவீக?" என்று கேட்டாள்.

"காட்டன்" என்று எழுதினேன். கடையின் கையேட்டில் அந்தப் பக்கத்தை மட்டும் நான் படித்திருக்கவில்லை. எது ஆபத்தில்லாத துணி என்பதை இந்த ஊரில் யாரும் படித்துத் தெரிந்துகொள்வதில்லை. அவளும் சந்தேகப்படவில்லை. "எங்கப்பாவும் கம்பெனிக்குக் காட்டன்தான் போடுவாரு" என்று சிரிக்கும் படம் அனுப்பினாள்.

அவளுடைய கேள்வியில் இருந்த 'நீங்க'வுக்கு நான் பதில் சொல்லவில்லை. சொல்லாததை, நானும் இறங்குகிறவள் என்ற பதிலாக அவள் எடுத்துக்கொண்டாள். ஸ்காட்லாந்துக்குத் திரும்பிய பிறகும் எழுதினாள், ஏரியில் இறங்கப்போகும் நாளையும் நேரத்தையும்கூட. பனி விழுந்த தெரு, அவள் சமைத்த சோறு, கட்டிலில் விரித்துவைத்த ட்ரை சூட். மதியம் தனியாகச் சாப்பிடும்போது அந்தப் படங்களைப் பார்ப்பேன். வேறு யாரும் எனக்குப் படம் அனுப்புவதில்லை.

உள்ளே வந்து கையேட்டைத் திறந்தேன். தோலை ஒட்டிப் போட வேண்டியது கம்பளி அல்லது பாலியஸ்டர். காட்டன் கூடவே கூடாது. வேர்வையையும் கசிகிற நீரையும் பிடித்துவைத்து உடம்புச் சூட்டை இழுத்துவிடும். காட்டன் ஈரத்தை விடாது என்பது நான் பரீட்சையில் எழுதிய விஷயம். அந்த ஈரத்தால்தான் அதில் பொறி வருவதில்லை.

செய்தி அனுப்பினேன். போய்ச் சேரவில்லை. அவள் எண்ணுக்கு அழைத்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருந்தாள். மறுபடி அழைத்தேன். மறுபடியும். இரண்டு மணி நேரம் அப்படியே போனது.

சம்பள நாள் என்பதால் அம்மா மூன்று மணிக்கே வந்துவிட்டாள். நான் போனைக் காதில் வைத்திருப்பதைப் பார்த்து வாசலிலேயே நின்றாள்.

"யாருக்குடி? நீயா போன் பேசுற?"

சொன்னேன்.

"காட்டன் போட்டா தப்பா? அதப் போட்டுத்தான் நான் இம்புட்டு வருசமா உசுரோட இருக்கேன்."

"அது வேறம்மா. தண்ணிக்குள்ள அதான் குளிர இழுக்கும்."

"அப்பச் சொல்லு, கழட்டச் சொல்லு."

"எடுத்தா நீ பேசுறியா?"

கேஸ் புக் பண்ணுவதிலிருந்து கல்லூரியில் சான்றிதழ் கேட்டதுவரை எனக்காகப் பேசியவள் அம்மாதான். பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"ஏட்டி, நான் என்னத்தப் பேச? தாயில்பட்டில இருந்து பேசுறேன், சட்டையக் கழட்டு தாயின்னா?"

கால் கழுவப் பின்னால் போனாள். மறுபடி அழைத்தேன். இந்த முறை மணி அடித்தது.

"யாரு?" காற்று இரைந்தது.

"சினேகா."

"அக்கா! ஒங்க கொரலா இது? சின்னப் புள்ள மாதிரி இருக்கு. இப்பதான் மேட்டுக்கு வந்தேன், டவர் கெடச்சுச்சு. சூட்ட மாட்டியாச்சு. பொம்ம மாதிரி நடக்கேன்."

"உள்ள என்ன போட்டிருக்கீங்க?"

"நீங்க சொன்னதுதான். காட்டன் பனியன், ஒன்னுக்கு ரெண்டா. அதுக்கு மேல அந்த மொத்தமான உள் சூட்டு."

"கழட்டிருங்க. நான் சொன்னது தப்பு. கம்பளிதான் போடணும். காட்டன் நனைஞ்சா வெறச்சுப் போயிரும்."



"விளையாடுறீகளா? மாத்துத் துணி எடுத்துட்டு வரல. ஊருக்குள்ள போய் வாங்கிட்டு வந்தா இன்னிக்கு டைவ் கெடையாது. மூணு மாசமா காத்திருக்கேன்க்கா. எல்லாரும் கரைல நிக்காக."

"தெரியும்."

"வேர்த்தா லேசா நனையும். அம்புட்டுத்தான?"

"கழுத்து ரப்பர் கசியலாம். முதல் தடவைல கசியும்."

"கசிஞ்சா ஏறிர்றேன்." அவள் குரல் தணிந்தது. "அக்கா, நீங்க எனக்கு நல்லதுதான் சொல்லுவீக. ஒன்னே ஒன்னு சொல்லுங்க. நீங்க காட்டன் போட்டுத்தான இத்தன தடவ எறங்கியிருக்கீக? ஒங்களுக்கு ஒன்னும் ஆகலைல்ல? பெறகு எனக்கு மட்டும் என்ன ஆகிரப் போவுது?"

பின்னால் அம்மா குடத்தைச் சாய்க்கிற சத்தம் கேட்டது. உண்மையைச் சொன்னால் நாளைக்கு சுகிர்தாவிடமிருந்து படம் வராது. சொல்லாவிட்டால் அவள் இறங்குவாள்.

"அக்கா? இருக்கீகளா? கூப்பிடுறாக, நான் போகணும்."

"நான் எறங்குனதே இல்ல, சுகிர்தா" என்றேன். "வெம்பக்கோட்டை அணையில முழங்காலுக்கு மேல நனைஞ்சதில்ல. எனக்கு நீச்சலே தெரியாது."