விட்டுப்போன இரண்டாம் வரி

லேபிள்காரியின் மாமியார் அலுமினிய அண்டாவை மாடிப்படியில் தவறவிட்ட செவ்வாய்க்கிழமை, அது பதினான்கு படிகளிலும் மோதி உருண்டு வாசற்கதவில் இடித்து நசுங்கியது. சத்தம் மட்டும் வரவில்லை. அந்த வாரம் சர்க்கரை விலை ஏறியிருந்தது, தெருக்குழாயில் இரண்டு நாளாகத் தண்ணீர் இல்லை. அண்டா விஷயம் மூன்றாவதாகத்தான் பேசப்பட்டது. யாருக்கும் காது கெடவில்லை. வெளியே காகம் கத்தியது கேட்டது, தகரக் கூரையில் தூறல் விழுந்தது கேட்டது. மாமியாரின் கை பட்ட பொருளிலிருந்து மட்டும் ஒலி போயிருந்தது.

லேபிள்காரி வேலை பார்த்தது ஊர்க்கோடியில் இருந்த தேயிலைப் பொட்டலக் கம்பெனியில். பொட்டலத்தின் மேல் என்ன எழுதியிருக்கிறதோ அது குடிப்பவருக்கு நடந்துவிடும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். எழுதுவதற்கென்றே ஓர் ஆளைச் சம்பளத்துக்கு வைத்திருந்தது அதனால்தான். முதல் வரி பலன், இரண்டாம் வரி அளவு. இஞ்சித் தேநீர் செரிமானத்துக்கு நல்லது, சாப்பாட்டுக்குப் பின் ஒரு கோப்பை மட்டும். ஐந்து கோப்பை குடித்த பூட்டுக்காரர், பல்லில் கடித்திருந்த சாவியைத் தவறி விழுங்கியபோது அதுவும் செரித்துவிட்டது. பச்சைத் தேநீர் எடையைக் குறைக்கும், வாரத்துக்கு மூன்று நாள் போதும். தினமும் குடித்த தபால்காரர் காற்றடிக்கும் மாதங்களில் பையில் செங்கல் வைத்துக்கொண்டு நடந்தார். கறுப்புத் தேநீர் விழிப்பைத் தரும், மாலை ஆறு மணிக்கு மேல் வேண்டாம். கிடங்குக் காவலாளி ஒருநாள் ஆறேகாலுக்குக் குடித்துவிட்டு ஆறு வருடமாகத் தூங்கவில்லை. பகலில் இன்னொரு கிடங்குக்கும் காவல் நிற்கிறார். பதினொரு வருடத்தில் லேபிள்காரி ஒருமுறைகூட இரண்டாம் வரியை விட்டதில்லை.

சாமந்திப்பூத் தேநீருக்கு உள்ளங்கையில் பாதி அளவுக்கு ஒரு சின்னப் பொட்டலம் போட்டார்கள். ‘மனதை அமைதிப்படுத்தும்’ என்று எழுதியதும் இடம் தீர்ந்துவிட்டது. மேற்பார்வையாளர் எட்டிப் பார்த்து, “இது போதும்மா. அமைதி ஜாஸ்தியாப் போச்சுன்னு எவன் வந்து புகார் குடுக்கப்போறான்?” என்றார். அவளும் சிரித்தாள். இடம் போதவில்லை என்பது உண்மை. எழுத்தைச் சின்னதாக்கியிருக்கலாம் என்பதும் உண்மை. அப்போது அவள் மகளுக்கு மூன்று மாதம். வயிற்றுவலிக்காரக் குழந்தை, மாலை முழுக்க வீறிட்டு அழும். கணவன் ரேடியோவோடு சண்டை போடுவான். மாமியார் உப்பில் தொடங்கி மருமகள் வீட்டு ஆட்கள்வரை ஒவ்வொன்றாகக் குறை சொல்லி முடிப்பார். அந்த நாட்களில் அவளுக்கு வேண்டியிருந்தது ஒரு கோப்பை அமைதி அல்ல. அளவில்லாத அமைதி. இதை அவள் அப்போது தனக்குத்தானே சொல்லிக்கொள்ளவில்லை. பேனாவை மூடி வைத்தாள், அவ்வளவுதான்.

முதல் கட்டு அவள் வீட்டுக்குத்தான் வந்தது. இரண்டாம் வாரமே மாமியார் கோப்பையும் கையுமாகச் சமையலறைக்கு வந்து நின்றார். “இதுல என்னடி போட்டே? உன்னைத் திட்டலாம்னு வாயைத் திறந்தா என்ன திட்ட வந்தேன்னே மறந்துபோகுது.”

“வெறும் பூதான் அத்தை.”

“நல்ல பூ. பத்து வருஷம் முன்னாடியே குடுத்திருந்தா உனக்கும் நிம்மதி, எனக்கும் தொண்டை மிச்சம்.”

கணவன் ரேடியோவை மன்னித்தான். அவளும் நாளுக்கு மூன்று கோப்பை குடித்தாள். தெருவில் பாதிப் பேர் வாங்கினார்கள். வழக்குகள் வாபஸ் ஆயின, சந்தையில் பேரம் நின்றது. அப்புறம் குடித்தவர்கள் தொட்டதிலிருந்தெல்லாம் ஒலி போகத் தொடங்கியது. முதலில் செருப்புகளும் கதவுகளும், அப்புறம் பாத்திரங்கள், கடைசியில் குரல்கள். அமைதியாகிவிட்டவர்களுக்கு அது குறையாகத் தெரியவில்லை. உதட்டைப் பார்த்துப் பேசப் பழகிக்கொண்டார்கள்.

அண்டா விழுந்து ஒன்பதாம் நாள், லேபிள்காரி கட்டிலோரம் குழந்தைத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தபோது தற்செயலாகத் தொட்டில் பக்கம் திரும்பினாள். மகள் அழுதுகொண்டிருந்தாள். வாய் முழுக்கத் திறந்திருந்தது, முகம் சிவந்து கருத்திருந்தது, கண்ணீர் காதுக்குள் வழிந்து காய்ந்து மறுபடி வழிந்திருந்தது. ஒரு சிறு கால் தொட்டில் கயிற்றில் முறுக்கிக்கொண்டு நீலமாகியிருந்தது. எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. குழந்தை ஒரு சொட்டுத் தேநீர்கூடக் குடித்ததில்லை. அவள் கொடுத்த தாய்ப்பால் மட்டும்தான். பதற வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. பதற்றம் வரவில்லை. மனம் கழுவித் துடைத்த தரைபோலக் கிடந்தது. மீதியிருந்த நான்கு துணிகளையும் மடித்து அடுக்கி வைத்துவிட்டுத்தான் அவள் எழுந்து போய்க் கயிற்றை அவிழ்த்தாள். கால் பிழைத்தது. அந்த நான்கு துணிகளை அவள் மறக்கவே இல்லை.

மறுநாள் மேற்பார்வையாளரிடம் போய் அச்சை நிறுத்தச் சொன்னாள். அவர் உதடு புன்னகையோடு அசைந்தது: “நாப்பதாயிரம் பொட்டலம் போயாச்சும்மா. உக்காரு, ஒரு கோப்பை குடிச்சுட்டுப் போ.” அவள் இரண்டாம் வரியைத் துண்டுத்தாளில் அச்சடித்து வீடுவீடாகக் கொடுத்தாள். எல்லாரும் அமைதியாக வாங்கி அமைதியாகக் குப்பையில் போட்டார்கள். சாமந்தியை நிறுத்தினாள், குழந்தையைப் பால்பொடிக்கு மாற்றினாள். மகளுக்குக் குரல் திரும்பவில்லை. அவளுக்குப் பதற்றமும் திரும்பவில்லை. தன் குழந்தைக்காகத் தன்னால் பயப்பட முடியாது என்பது உறுதியானபின், பயம் செய்யும் வேலையை வேறு எதையாவது வைத்துத்தான் செய்ய வேண்டும் என்று அவள் முடிவு செய்தாள். கம்பெனியிலிருந்து ஒரு கறுப்புத் தேநீர்ப் பொட்டலம் எடுத்துவந்து, சவர பிளேடால் இரண்டாம் வரியை ஓர் எழுத்து மிச்சமில்லாமல் சுரண்டினாள். மாலை ஏழு மணிக்கு அடுப்பில் தண்ணீர் வைத்தாள்.

அதற்கப்புறம் அவள் தூங்கவில்லை. மகள் தவழ்ந்தாள், நடந்தாள், பள்ளிக்கூடம் போனாள். அம்மை வந்தது, பல் விழுந்தது. அழுகையைக் கழுத்து நரம்பிலும் சிரிப்பைத் தோளிலும் பார்த்துத் தெரிந்துகொள்ள லேபிள்காரி கற்றாள். பத்து வயதில் ஒருநாள் மகள் உதட்டால், “அம்மா, நீ கொஞ்சம் கண்ணை மூடேன், என்னையே பாத்துட்டு இருக்காத, கூச்சமா இருக்கு” என்றாள். அவள் கீழ்ப்படிந்து மூடினாள், இமைக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போதும் அந்தத் தெருவில் பிறக்கும் குழந்தைகளுக்கு ஒலி இல்லை. குழந்தை பிறந்த வீட்டிலிருந்து யாராவது அந்தத் தாயை அழைத்துக்கொண்டு, ஒரு கறுப்புத் தேநீர்ப் பொட்டலத்தோடு லேபிள்காரியிடம் வருவார்கள். அவள் எதுவும் கேட்பதில்லை. பிளேடை எடுத்து இரண்டாம் வரியைச் சுரண்டி, தூளை ஊதிவிட்டு, பொட்டலத்தைப் புதுத் தாயின் கையில் வைப்பாள்.